‘கெமிக்கல் இல்லை’ டப்பாக்கள்: டெல்டா கடைகளில் எந்த வரியை நம்பலாம்?

கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலோ தஞ்சாவூர் கீழவாசலிலோ ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குள் போய் ஷாம்பு, ஜெல், சோப்பு, ஹேர் டை என்று எதை எடுத்தாலும் முன்பக்கத்தில் ஓர் ‘இல்லை’ பட்டியல் இருக்கும். பாராபென் இல்லை, சல்ஃபேட் இல்லை, அமோனியா இல்லை, பாதரசம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே பச்சை இலைப் படத்தோடு ‘டாக்ஸின் ஃப்ரீ’. அந்த இலைக்கும் சேர்த்துத்தான் விலை. இங்கே மதிப்பிடுவது கம்பெனிகளை அல்ல, அந்த வரிகளை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்பக்கத்து ‘இல்லை’களில் பாதிக்கு மேல் உண்மைதான். ஆனால் அதை வைத்து வாங்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாது. அதற்குப் பின்பக்கத்துப் பொடி எழுத்து வேண்டும், உற்பத்தி உரிம எண் வேண்டும். இரண்டும் இல்லாத பொருள் என்ன சத்தியம் செய்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

‘கெமிக்கல் இல்லை’ என்பதற்குப் பூஜ்ஜியம். கையால் காய்ச்சிய சோப்பின் மேல் இதை எழுதுகிறார்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பே கிடையாது. 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 18.3 கிராம் காஸ்டிக் பிடிக்கும். கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்கட்டும் என்று 5 சதவீதம் குறைத்துப் போடுகிறவர்கள் 17.4 கிராம் வரை போடுவார்கள். சரியாக நிறுத்துப் போட்டு நான்கைந்து வாரம் காயவிட்டால் காஸ்டிக் தீர்ந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. சமையல் தராசில் குத்துமதிப்பாக நிறுத்துச் செய்ததுதான் தோலை எரிக்கும். புளிப்பா காரமா என்று காட்டும் பி.ஹெச். தாள் இருந்தால் சோப்பை ஈரமாக்கித் தொட்டுப் பாருங்கள்: 9 முதல் 10 வரை இருப்பது இயல்பு, 11-ஐத் தாண்டினால் காஸ்டிக் மிச்சமிருக்கிறது. அதே தாளை வைத்து இன்னொரு புளுகையும் பிடிக்கலாம். ‘கைச்சோப்பு, பி.ஹெச். 5.5’ என்று எழுதியிருந்தால் ஒன்று அது சோப்பு இல்லை, அல்லது 5.5 இல்லை. அந்த அளவு புளிப்பில் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகிவிடும். 5.5 வேண்டுமென்றால் சோப்பல்லாத, செயற்கை நுரைப்பான் கட்டியைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது ‘பதப்படுத்தி இல்லை’, அதாவது ப்ரிசர்வேட்டிவ் இல்லை என்ற வரி. இதற்கு ஒரே கேள்விதான்: உள்ளே தண்ணீர் இருக்கிறதா? நலங்குமாவு, சீயக்காய்ப் பொடி, தேங்காய் எண்ணெய், உதட்டுக்கு மெழுகு, நெய் கலந்து செய்யும் பாம், எதிலுமே தண்ணீர் இல்லை. பாக்டீரியா வளர வழியில்லாததால் பதப்படுத்தி தேவையே இல்லை. அங்கே அந்த வரி உண்மைதான், ஆனால் பெருமைப்பட அதில் ஏதுமில்லை. கற்றாழை ஜெல், ரோஸ் வாட்டர், லோஷன், க்ரீம் என்று தண்ணீர் உள்ள பொருளில் ‘பதப்படுத்தி இல்லை, ஒரு வருடம் கெடாது’ என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய். டெல்டாவின் சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்த, பதப்படுத்தி இல்லாத ஜெல் சில நாளிலேயே நீர்த்துப் புளிப்பு வாடை அடிக்கும். வாடை வரும் முன்பே கிருமி வந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

நலங்குமாவைப் பற்றி ஒரு கொசுறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவுக்குள் ஈரக்கை போனால் அதுவும் பூசணம் பிடிக்கும். காய்ந்த கரண்டி போட்டு, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வையுங்கள். இன்னொன்று, நாட்டு மருந்துக் கடைக் கலவைகள் பலவற்றில் கார்போக அரிசி சேர்கிறது. அதில் சொரலென் என்ற பொருள் இருக்கிறது. தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுக்கும், கொப்புளமும் வரலாம். ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற வரி அங்கே முழு உண்மை. பாதுகாப்பு என்பது வேறு சங்கதி.

ஒரு கற்றாழை ஜெல் டப்பாவைத் திருப்பிப் படிப்போம். முன்னால் ‘99% கற்றாழை, பாராபென் இல்லை’. பின்னால் இந்த ரகத்தில் வழக்கமாக வரும் வரிசை இது: அக்வா, அலோ பார்படென்சிஸ் இலைச் சாறு, கிளிசரின், கார்போமர், ட்ரைஎத்தனோலமைன், ஃபினாக்ஸிஎத்தனால், டி.எம்.டி.எம். ஹைடன்டாயின், பர்ஃப்யூம், சி.ஐ. 19140, சி.ஐ. 42090.

சட்டப்படி அதிகம் உள்ளது முதலில் வர வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். அக்வா என்றால் தண்ணீர். அது முதலில் நிற்கும்போது 99% கற்றாழை எங்கிருந்து வந்தது? கற்றாழைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரையும் கற்றாழைக் கணக்கில் சேர்த்தால் வரும். கெட்டித்தன்மையும் கற்றாழையுடையது அல்ல: கார்போமர் புளிப்பானது, அதை ட்ரைஎத்தனோலமைனால் சமன்செய்ததும் ஜெல்லாகத் திரள்கிறது. பச்சை நிறமும் அப்படித்தான். மடலைச் சீவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருக்கும் சோறு நிறமற்றது. 19140 மஞ்சள் சாயம், 42090 நீலச் சாயம், இரண்டும் சேர்ந்தால் பச்சை.

ஃபினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை அடையாளக் கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் உச்ச வரம்பு 1 சதவீதம். ஆகவே பட்டியலில் அதற்குப் பின்னால் நிற்கும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. குங்குமப்பூ, சந்தனம், வேப்பிலை என்று முன்பக்கத்தில் படம் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஃபினாக்ஸிஎத்தனாலுக்குப் பிறகு எழுதியிருந்தால் அது பெயருக்குத்தான்.

சரி, பாராபென் என்ற பதப்படுத்தி வகை இல்லை என்பது? இந்த டப்பாவில் உண்மை. அதன் இடத்தில் டி.எம்.டி.எம். ஹைடன்டாயின் உட்கார்ந்திருக்கிறது. இது கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுத்தான் கிருமியைக் கொல்கிறது. இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15 மூன்றும் அதே குடும்பம். மற்றொரு மாற்று, மெத்தில்ஐசோதயசோலினோன். பாராபெனுக்குப் பதில் இதைப் பரவலாகச் சேர்க்க ஆரம்பித்த பிறகு தோல் ஒவ்வாமை அவ்வளவு பெருகியதால் அமெரிக்கத் தொடு-ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-இல் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. ஐரோப்பா பூசிவிட்டுக் கழுவாத பொருள்களில் அதைத் தடை செய்தது. அதே சங்கம் 2019-இல் பாராபெனை ‘ஆண்டின் ஒவ்வாமை அல்லாத பொருள்’ என்றது! ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐசோபுரோப்பில், ஐசோபியூட்டில் உள்ளிட்ட சில பாராபென்களுக்குத் தடை உண்டு. மெத்தில் பாராபென் 0.4 சதவீதம் வரை இன்றும் அனுமதி. 2019 ஜூலை முதல் அங்கே ‘பாராபென் இல்லை’ என்று எழுதுவதையே ஏற்கக் கூடாது என்பது வழிகாட்டு நெறி, அனுமதிக்கப்பட்ட பொருளை விஷம்போலக் காட்டுகிறது என்று. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்றும் பெருமை பேச முடியாது, தடைசெய்யப்பட்டதைச் சேர்க்காமலிருப்பது சாதனை அல்லவே.

வாசனைக் கலவையோடு சேரும் தாலேட் ‘இல்லை’ என்ற வரியை லேபிளை வைத்துச் சரிபார்க்க வழியே இல்லை. வாசனைக் கலவை முழுவதும் பட்டியலில் ‘பர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். தோல் சட்டென்று தடிக்கிறவர்கள் ‘வாசனை சேர்க்கப்படவில்லை’ என்ற பொருளைத் தேடுவது மேல். பட்டியலில் பர்ஃப்யூம், ஃப்ராக்ரன்ஸ், வாசனை எண்ணெய் எதுவும் இல்லையா என்று பார்த்தாலே உறுதி செய்துகொள்ளலாம். நம்பக்கூடிய ஒரு சில ‘இல்லை’களில் இது ஒன்று.

சல்ஃபேட் என்பது ஷாம்புவில் நுரை தருவது; ‘சல்ஃபேட் இல்லை’ ஷாம்பு நம் தண்ணீருக்கு ஏற்றதா என்பது தனிக் கேள்வி. சோடியம் லாரில் சல்ஃபேட் தோலை உறுத்தக் கூடியது. சோடியம் லாரெத் சல்ஃபேட் அதைவிடச் சாது. புற்றுநோய் வரும் என்ற வதந்திக்கு ஆதாரமில்லை. லாரெத் வகையில் உண்மையான கவலை, தயாரிப்பின்போது உண்டாகும் 1,4-டையாக்சேன் என்ற கசடு. அது சேர்மானம் அல்ல என்பதால் பட்டியலில் வராது. சல்ஃபேட்டை எடுத்த இடத்தில் சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட் இருந்தால் எண்ணெய்ப் பசையை உறிஞ்சும் வேகம் ஏறக்குறைய அதேதான். கோகோயில் ஐசெதியோனேட், கோகமிடோபுரோப்பில் பீடைன் முதலில் வந்தால்தான் நிஜமாகவே மென்மை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. சோப்பு அடிப்படையிலான ‘இயற்கை ஷாம்பு’ அந்தத் தண்ணீரில் கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுவென்று முடியில் ஒட்டும், எத்தனை அலசினாலும் போகாது. அந்தப் பொருளில் சல்ஃபேட் இல்லை என்பது உண்மை. சோப்பில் என்றைக்குமே சல்ஃபேட் இருந்ததில்லை. கடின நீருள்ள வீட்டில் சீயக்காயோ பீடைன் வகை ஷாம்புவோ போதும், அந்த விலைக்கு ‘இயற்கை’ சோப்பு ஷாம்பு வீண் செலவு.

ஹேர் டையில்தான் ‘இல்லை’ வியாபாரம் உச்சம். ‘அமோனியா இல்லை’ என்றால் அதன் இடத்தில் மோனோஎத்தனோலமைன் இருக்கும், நெடி மட்டும் குறையும். கறுப்பு நிறத்தைத் தருவதும் ஒவ்வாமையை உண்டாக்குவதும் பாரா-ஃபினைலீன்டைஅமின், சுருக்கமாகப் பி.பி.டி. அமோனியா இல்லாத பெட்டியிலும் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். ‘ஹெர்பல் கறுப்பு மருதாணிப் பொடி’ பாக்கெட்டைத் திருப்புங்கள்: மருதாணியோடு பி.பி.டி., பேரியம் பெராக்சைடு என்று பல பாக்கெட்டுகளில் அச்சிட்டே இருக்கும். மருதாணியால் மட்டும் முடி கறுக்காது, செம்பட்டைதான் வரும். இலையால் கறுப்பு வேண்டுமென்றால் முதலில் மருதாணி போட்டுச் சில மணி நேரம் வைத்து அலச வேண்டும். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால் மணி நேரத்தில் தடவி, ஒன்றிரண்டு மணி நேரம் விட வேண்டும். நிறம் முழுதாக ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். ஒரே குழைப்பில் அரை மணியில் கருகருவென்று ஆனால் அது இலை இல்லை.

பி.பி.டி. சேர்ந்த டையில் எச்சரிக்கை வாசகம் சட்டப்படி கட்டாயம். புருவத்துக்கும் இமைக்கும் போடக் கூடாது, பார்வை போகலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். ‘முழுக்க மூலிகை’ என்ற பெட்டிக்குள் அந்த எச்சரிக்கைத் தாள் கிடந்தால் எதை நம்புவது என்று சொல்லத் தேவையில்லை. காதின் பின்னாலோ முன்கையின் உள்பக்கத்திலோ தடவி 24 மணி நேரம் பார்க்கச் சொல்கிறது அந்தத் தாள். 48 மணி நேரம் பாருங்கள், இந்த ஒவ்வாமை தாமதமாகவே தலைகாட்டும். ஒருமுறை கறுப்பு மருதாணிக் கோனில் கை தடித்தவர் பி.பி.டி. டை பக்கமே போகக் கூடாது. அடுத்த முறை முகமே வீங்கலாம்.

முகூர்த்த மாதங்களில் பார்லர்களில் செய்யும் முடி நேராக்கலிலும் ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்ற போர்டு உண்டு. பாட்டிலில் கிளையாக்ஸிலிக் அமிலம் என்றிருக்கிறதா பாருங்கள். இரும்பின் சூட்டில் அது ஃபார்மால்டிஹைடை வெளியிடும். அந்த அமிலம் சேர்ந்த நேராக்கலுக்குப் பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. கண் எரிந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

சிவப்பழகு க்ரீம்கள் பக்கம் ‘பாதரசம் இல்லை’யை எப்படி எடுத்துக்கொள்வது? உரிமம் பெற்ற உள்நாட்டுத் தயாரிப்பில் அது அநேகமாக வெற்று அலங்காரம். நம் 2020 அழகுசாதன விதிகள் இத்தகைய க்ரீமில் பாதரசத்தை அனுமதிப்பதில்லை, தற்செயலாகக் கலப்பதும் 1 பி.பி.எம்.மை, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆபத்து ஃபாரின் பொருள் கடைகளில், முகவரி இல்லாத குட்டி டப்பாக்களில். 2023-இல் கேரளத்தின் கோட்டக்கல்லில் இத்தகைய க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பாதரசம் தோல் நிறமியை முடக்குவதால் இரண்டே வாரத்தில் முகம் வெளுக்கும், நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கும். அதனால்தான் விடமுடியாமல் மறுபடி வாங்குகிறார்கள். பட்டியலில் கேலோமெல், மெர்க்யூரிக், மெர்க்யூரஸ் என்று தொடங்கும் எந்தப் பெயரும் பாதரசமே. ‘தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்’ என்று ஓர் அறிவுரை இருந்தால் பட்டியலைப் படிக்கவே வேண்டாம், பாதரசம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் அந்த வரி. இறக்குமதிப் பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இங்குள்ள இறக்குமதியாளர் முகவரியும் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது பதிவில்லாமல் பயணிகளின் பெட்டியில் வந்த சரக்கு.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ‘முகத்துக்கான’ ட்யூபுகள் வேறு கதை. மொமெட்டசோன், க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் அது அழகுசாதனமே அல்ல, ஸ்டீராய்டு மருந்து. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும்.

பொட்டு, குங்குமம், கண்மை மூன்றிலும் ‘இல்லை’ வரிக்கு மதிப்பே கிடையாது, காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 30 கிராமுக்குக் குறைவான கட்டிப் பொருளுக்கும் 60 மி.லி.க்குக் குறைவான திரவத்துக்கும் சேர்மானப் பட்டியல் கட்டாயமில்லை. ஷாம்பு பாக்கெட், மை, லிப்ஸ்டிக், சின்ன க்ரீம் ட்யூப் எல்லாம் இந்த ஓட்டை வழியாக வெளியே வருகின்றன. எது அதிகம் தெரிய வேண்டுமோ அதில்தான் எதுவும் எழுதியிருக்காது. ஒரே கம்பெனியின் பெரிய பாட்டிலை எடுத்துப் பட்டியலைப் படித்துவிட்டுச் சின்னதை வாங்குவது ஒரு வழி.

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்ஃபீனால் இருந்தால் பொட்டு வைத்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். லேசாக வெளுத்ததும் நிறுத்திவிட வேண்டும், இன்னொரு பிராண்டுக்கு மாறுவது தீர்வாகாது. குங்குமத்துக்கு வீட்டுச் சோதனை உண்டு: மஞ்சளும் சுண்ணாம்பும் மட்டும் சேர்த்ததில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு போய் மஞ்சளாகும். சாயம் போட்டது சிவப்பாகவே நிற்கும், தண்ணீரில் தூவினால் உடனே பளீரென்று ரோஜா நிறம் பரவும். வெங்காரம் சேர்த்துச் செய்த குங்குமத்துக்கு இந்தச் சோதனை செல்லாது, அதுவும் சிவப்பாகவே இருக்கும். ஈயம் கலந்திருக்கிறதா என்று வீட்டில் பார்க்கவே முடியாது. சுர்மா எனப்படும் கல் மை பலவற்றில் ஈய சல்ஃபைடுதான் மூலப்பொருள். குழந்தைக் கண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

வாட்ஸ்அப்பிலும் கோயில் திருவிழாக் கடைகளிலும் விற்கும் வீட்டுத் தயாரிப்புகளில் எண்களைக் கவனியுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உணவுக்கு உரியது, சோப்புக்கு அதை அச்சிடுவது அறியாமை. உத்யம் பதிவு தொழில் நடத்துவதற்கான அடையாளம், அதற்காக யாரும் க்ரீமைச் சோதித்துப் பார்ப்பதில்லை. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும் சொல்கிறது. அழகுசாதனம் செய்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும். அந்த எண், பேட்ச் எண், தயாரிப்பாளரின் முழு முகவரி, எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, இவ்வளவும் டப்பாவில் இருக்க வேண்டும். உரிமம் இல்லாததாலேயே பொருள் கெட்டது என்று ஆகிவிடாது, பொடியும் எண்ணெயும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. தண்ணீர் சேர்ந்த க்ரீமையும் லோஷனையும் மட்டும் அப்படி வாங்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது: பில் கேட்டு வாங்குங்கள், டப்பாவையும் மீதப் பொருளையும் தூக்கிப் போடாதீர்கள், லேபிளின் எல்லாப் பக்கத்தையும் படமெடுங்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை கேட்கலாம்; மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் விண்ணப்ப விவரம் கிடைக்கும். பொய் விளம்பரம் மட்டும்தான் புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளைக் காரைக்காலில் வாங்கியிருந்தால் நாகப்பட்டினம் அலுவலகத்துக்கு அலையாதீர்கள், அது புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் எல்லை.